கலைக்கப்பட்ட ஜூரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டுச் சட்டம் பேசுவீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஜூரி அழைப்பு வந்தது, வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார. இந்தியப் பாஸ்போர்ட்காரிக்கு எப்படி என்பீர்கள். காமன்வெல்த் நாட்டவர்களுக்கு இங்கிலாந்தில் ஓட்டு உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து 5 ஆண்டுகள் குடியிருந்தால் போதும். எந்த ஊர், என்ன குற்றம் என்று மட்டும் கேட்காதீர்கள். மறுவிசாரணை பாக்கி இருக்கிறது.

நாங்கள் 12 பேர். ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் நீதிபதி அவரை மட்டும் விடுவித்துவிட்டு, 11 பேரோடு வழக்கை நடத்தினார். 9 வரை குறையலாமாம்.

பிறகுதான் வினை வந்தது. அரசுத் தரப்புச் சாட்சி, வயதான பெண்மணி. அன்று வாசலில் யாரைப் பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. அவரோ, "ஜெயிலில் இருந்து வந்தானே, அவனைத்தான்" என்று கூண்டைக் காட்டிவிட்டார். அவ்வளவுதான், எங்களை உள்ளறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூரி இல்லாதபோது வக்கீல்கள் வாதாடுவது எங்கள் காதுக்கு வராது. ஆறிப்போன தேநீரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்ததும், உங்கள் மீது எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி, ஜூரி முழுவதையும் நீதிபதி கலைத்துவிட்டார். இனிப் புதிய ஜூரியோடு முதலிலிருந்து விசாரணை.

"அந்தப் பேச்சை மனத்தில் கொள்ளாதீர்கள்" என்று எச்சரித்துவிட்டுத் தொடர்ந்திருக்கவும் அவரால் முடியும். பல வழக்குகளில் அதுவே நடக்கிறது. ஆனால் இது யார் சொல்லை நம்புவது என்பதிலேயே தொங்கிய வழக்கு. பழைய ஜெயில்வாசி என்று கேட்ட பிறகு, அவன் வாய் திறந்தால் நான் நம்பியிருப்பேனா? மாட்டேன். கலைத்தது சரிதான். அந்த அம்மாள் மறுபடி ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டுமே என்பதுதான் எரிச்சல். எதைச் சொல்லக் கூடாது என்று யாராவது முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டாமா?

குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி ஜூரர் இணையத்தில் தேடினால் இங்கே 2 ஆண்டு வரை சிறை. 1945-இல் நம் சென்னை ஐகோர்ட்டில், பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நடிகர்கள் பாகவதரையும் கலைவாணரையும் குற்றவாளிகள் என்று சொன்ன ஜூரியை நினைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தபோது, எதையும் கேளாத காதோடு யார் வந்து உட்கார்ந்திருக்க முடியும்? 1947-இல் இருவரும் விடுதலையானார்கள்.

ஜூரியே வேண்டாம் என்பது உங்கள் கட்சி. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது நம் நாட்டில் ஒழிந்தும்விட்டது. சரி, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. ஆனால் வழக்குக் காகிதக் கட்டுக்குள் இருப்பதை நீதிபதி படித்துவிடுகிறார். படித்தவரே அதை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பும் எழுதுகிறார். அவரைக் கலைப்பது யார்? செசன்ஸ் கோர்ட்டில் காலமெல்லாம் குமாஸ்தாவாகக் கட்டுத் தூக்கியவர் நீங்கள். அவர்கள் உண்மையிலேயே ஒதுக்கினார்களா? வாய்தா வாங்காமல் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
கல்பனா