வங்கி பெயர் சரி, வேலை என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே போதும், பிபிஏ, பிகாம் படிப்புகளோடு 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' என்று சேர்த்துப் போட்ட கல்லூரி விளம்பரங்கள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. கோட் சூட் போட்ட பிள்ளைகள், பக்கத்தில் பெரிய அமெரிக்க வங்கியின் லோகோ. வங்கி பெயர் பொய்யில்லை, அங்கே அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை என்பதை மட்டும் போடமாட்டார்கள்.

நானும் சென்னை ஓஎம்ஆரில் அப்படி ஓர் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். நியூயார்க்கில் கைமாறிய பங்குக்குப் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா, இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கு உதைக்கிற இடத்துக்கெல்லாம் மெயில் மேல் மெயில் போட வேண்டும். புது வாடிக்கையாளரின் கேஒய்சி காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். மரியாதையான வேலை, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போது விலை கணிப்பது, ஐபிஓ கொண்டுவருவது (ஒரு கம்பெனியின் பங்கை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்பது) மாதிரியான டீல் வேலைதான் நிஜமான இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங். அது இந்தியாவில் பெரும்பாலும் மும்பையில்தான் நடக்கிறது, இங்கிருந்து அங்கே தாவுவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த மும்பை டீமுக்கு யாரை எடுக்கிறார்கள்? அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐஐஎம்களில் எம்பிஏ முடித்தவர்கள், நல்ல ரேங்க் வாங்கிய சிஏக்கள், கொஞ்சம் பேர் டெல்லி எஸ்ஆர்சிசி (ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி) போன்ற கல்லூரிகளிலிருந்து நேராக. ஆகவே 17 வயதில் இதைக் குறிவைக்கிற பிள்ளை டெல்லிக்குப் போக க்யூட் நுழைவுத்தேர்வு எழுதலாம் (2022 முதல் அங்கே பிளஸ் டூ மார்க்கை வைத்து மட்டும் சேர முடியாது), அல்லது ஐஐஎம் இந்தூர் 2011-லிருந்து நடத்தும், பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டு ஐபிஎம் மேலாண்மைப் படிப்புக்குத் தயாராகலாம். இரண்டும் அமையவில்லையா, ஊரிலேயே ஒரு நல்ல பிகாம், கூடவே சிஏ. சிஏவுக்கான ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியும் இப்போது மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. லட்சம் லட்சமாகக் கொட்டி அலங்காரப் பெயர் வைத்த பிபிஏவில் சேர்ப்பதைவிட நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் தோது என்பது என் கட்சி.

அமெரிக்காவுக்கே அனுப்புகிறேன் என்பவர்களுக்கும் ஒன்று. வார்ட்டன், ஸ்டெர்ன், ராஸ் மாதிரி சில கல்லூரிகளைத்தான் வங்கிகள் தேடிப் போகும். மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டாம் ஆண்டிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள், விவரம் தெரியாமல் போகிற பிள்ளை அங்கேயே பின்தங்கிவிடும். அப்புறம் விசா. படிப்பு முடிந்து 12 மாதம் வேலை செய்யலாம், அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கும் படிப்பாக இருந்தால் மேலும் 24 மாதம், அதற்குப்பின் எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கல்தான். வீட்டை அடமானம் வைக்கும் முன் இதையெல்லாம் விசாரிக்க வேண்டாமா?

உங்கள் கல்வி இணைப்பிதழில் கல்லூரிகள் தரும் பிளேஸ்மென்ட் பட்டியலை அப்படியே போடுகிறீர்கள். கம்பெனி பெயரோடு எந்தப் பிரிவு, எந்த ஊர், என்ன பதவி என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள், தராத கல்லூரிக்கு எதிரே 'தரவில்லை' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நிதித்துறை ஊழியர், சோழிங்கநல்லூர்