கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன், அதனால் கொஞ்ச நாள் படிப்பும் இல்லை எழுத்தும் இல்லை. இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கவலைப்படாதே. ராத்திரி பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீ ஆங்கிலக் கதை படித்துக் காட்டுகிறாய் என்ற இடத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை படித்தேன். மனசுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பூனைக்குட்டி 'கேம் அவுட் ஃப்ரம் அண்டர் த பெட்' என்று போட்டிருக்கிறதே, மூன்று ப்ரெபொசிஷன் (பெயருக்கு முன்னால் நின்று இடம், திசை, நேரம் சொல்லும் குட்டிச் சொல்) வரிசையாக வருமா, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தாய். பிழையே இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தினமும் யோசிக்காமல் சொல்லும் வாக்கியம் அது. உன் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் நான் 'ஃப்ரம் பிஹைண்ட் த டோர்' என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, ப்ரெபொசிஷனுக்கு அடுத்து பெயர்ச்சொல்தான் வரவேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எத்தனையோ வருஷம், இரண்டு ப்ரெபொசிஷன் சேரும் இடம் வந்தாலே வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சரியாக எழுதிய பிள்ளையைத் தப்பு என்று சொல்லிவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அந்த வாக்கியத்தை அப்படியே தமிழில் சொல்லிப் பார். 'கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.' இப்போது பிரித்துப் பார்: கட்டில், அடியில், இருந்து, வெளியே. ஆங்கிலத்தைக் கடைசியிலிருந்து முன்னால் படி: பெட், அண்டர், ஃப்ரம், அவுட். ஒன்றுக்கு ஒன்று அப்படியே பொருந்துகிறது பார்த்தாயா! நாம் பெயருக்குப் பின்னால் அடுக்குகிறோம், அவர்கள் பெயருக்கு முன்னால் அடுக்குகிறார்கள், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வரிசை திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். நாம் 'அடியிலிருந்து' என்று சொல்லும்போது ஏழாம் வேற்றுமையின் 'இல்' மேல் 'இருந்து' என்ற சொல்லுருபை ஏற்றித்தான் பேசுகிறோம், அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லையே.

இதில் ஒரு ஒழுங்கும் இருக்கிறது. பெயருக்கு ஒட்டி நிற்கும் சொல் இடத்தைச் சொல்லும், எங்கே என்றால் கட்டிலுக்கு அடியில். அதற்கு அடுத்த சொல் நகர்வைச் சொல்லும், அங்கிருந்து. எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது எந்தப் பக்கம் என்று சொல்லும், வெளியே. அதனால்தான் 'ஃப்ரம் அண்டர்' வரும், 'அண்டர் ஃப்ரம்' வராது. 'ஃப்ரம் பிஹைண்ட்', 'ஃப்ரம் இன்சைட்', 'ஃப்ரம் அமங்', 'ஃப்ரம் பிட்வீன்' எல்லாம் இதே அச்சுதான். பேரனுக்கு விதி சொல்லிக் கொடுக்காதே, பென்சிலைப் புத்தகத்துக்கு அடியில் வைத்து எடுக்கச் சொல், பிறகு கதவுக்குப் பின்னால், பிறகு பெட்டிக்குள். எடுக்கும்போது வாயால் சொல்லச் சொல், தானாக வந்துவிடும்.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்கு 'ஃப்ரம்' கட்டாயம் வேண்டும், ஆனால் போய்ச் சேரும் இடத்துக்கு 'டு' பெரும்பாலும் தேவைப்படாது. 'த கேட் ரேன் அண்டர் த பெட்' என்றாலே போதும். ஆனால் அதற்கு இரண்டு அர்த்தம் வரும், பூனை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்தது என்றும் கொள்ளலாம், ஏற்கெனவே அடியில் இருந்துகொண்டே ஓடியது என்றும் கொள்ளலாம். 'இன்', 'ஆன்' இரண்டும் மட்டும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 'டு'வை ஒட்டிக்கொண்டு 'இன்டூ', 'ஆன்டூ' என்று ஒரே சொல்லாகிவிட்டன. இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒட்டி எழுதிவிடாதே. 'ஷி வென்ட் இன் டு சீ ஹிம்' என்பதில் 'இன்' அவள் உள்ளே போனதோடு முடிந்துவிட்டது, 'டு' பார்ப்பதற்கு என்பதைச் சேர்ந்தது, அதனால் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

நேரத்தைச் சொல்லும்போதும் இதே அடுக்குதான். 'சின்ஸ் பிஃபோர் த வார்' என்றால் போருக்கு முன்பிருந்தே. இங்கேயும் முன்பு, இருந்து என்று நம் வரிசை திரும்பி நிற்கிறது. 'அன்டில் ஆஃப்டர் த எக்ஸாம்' என்றால் தேர்வு முடிந்த பிறகு வரைக்கும். 'இன் அண்டர் ஆன் அவர்' மட்டும் வேறு கதை, அங்கே 'அண்டர்' அடியில் இல்லை, 'குறைவாக' என்ற அர்த்தத்தில் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஃபார் ஓவர் டென் இயர்ஸ்' என்பதில் வரும் 'ஓவர்' பத்துக்கு மேல் என்று சொல்வதும் அப்படித்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி 'அப் டு'. இரண்டுமே குட்டிச் சொற்கள், தனித்தனியாக அர்த்தம் கேட்டால் மேலே என்றும் நோக்கி என்றும் சொல்லிவிடலாம். சேர்ந்துவிட்டால் பார். 'அப் டு டென்' என்றால் பத்து வரைக்கும். 'இட்ஸ் அப் டு யூ' என்றால் உன் இஷ்டம், முடிவு உன் கையில். 'வாட் ஆர் யூ அப் டு' என்றால் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய், சில சமயம் என்ன விஷமம் நடக்கிறது இங்கே என்றுகூட. 'ஹி இஸ் நாட் அப் டு த ஜாப்' என்றால் அந்த வேலைக்கு அவனால் ஈடுகொடுக்க முடியாது. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு அளவுக்கு எட்டுவது என்ற எண்ணம் அடியில் ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதை வைத்து அர்த்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதே, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுப் பழகத்தான் வேண்டும். 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது), 'ரன் அவுட் ஆஃப்' (தீர்ந்துபோவது) எல்லாம் இதே ரகம். படித்துக் காட்டும்போது முதல் சொல்லை அழுத்தி அடுத்ததை லேசாக விடு, 'அப்' அழுத்தம், 'வித்' மெதுவாக. அப்போதுதான் காதுக்கு ஆங்கிலமாகக் கேட்கும்.

அப்புறம், 'கெட் ஆஃப் ஆஃப் த டேபிள்' என்று அமெரிக்கர்கள் பேசுவதைக் கேட்டிருப்பாய். முதல் 'ஆஃப்' (off) விட்டு விலகுவது, இரண்டாவது 'உடைய' என்ற அர்த்தத்தில் வரும் மெல்லிய 'ஆஃப்' (of). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, அதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பழைய ஆங்கிலத்தில் அவை ஒரே சொல்தான், அழுத்திச் சொன்னது ஒன்றாகவும் அழுத்தாதது வேறொன்றாகவும் பிறகு பிரிந்தன. பேச்சில் இது இருந்துவிட்டுப் போகட்டும், எழுத்தில் முதல் 'ஆஃப்' மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இப்படிச் சேர்ப்பது ஆங்கிலத்துக்குப் புதிதும் இல்லை. ஒற்றைச் சொல் மாதிரி நிற்கும் 'அபௌட்' இருக்கிறதே, அதற்குள்ளேயே 'ஆன்', 'பை', 'அவுட்' மூன்றும் கரைந்து கிடக்கின்றன. 'பட்' என்பதும் 'பை', 'அவுட்' சேர்ந்து பிறந்ததுதான். நம் 'பற்றி' ஒரு காலத்தில் பற்றுவது என்ற வினையாக இருந்து இன்று உருபாகிவிட்டதே, அதுபோல. 'அபௌட்' என்பதை நாம் 'பற்றி' என்றுதான் தமிழில் சொல்கிறோம், இரண்டுக்கும் பின்னால் இப்படி ஒரு பூர்வீகம் இருப்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று சொன்னார்களே, அதையும் விட்டுவிடு. கவிஞர் ஜான் டிரைடன் 1672-ல் அதைக் குறையாகச் சொன்னார். அதற்கு முன்பும் பின்பும் மக்கள் அப்படித்தான் பேசி வருகிறார்கள். 'த பாக்ஸ் ஐ டுக் இட் அவுட் ஆஃப்' என்று பேரன் சொன்னால் திருத்தாதே.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். பேரன் படிக்கும்போது இந்த மாதிரி வரி எதிலாவது தடுக்கினால் அந்த வரியை அப்படியே எழுதி அனுப்பு. அந்தப் பூனைக்குட்டி எதற்காகக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது, யார் கூப்பிட்டு வெளியே வந்தது என்று நீ எழுதவே இல்லை, அதையும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்