அப்பா வாங்கித் தந்த துப்பாக்கிகள்

பர்மிங்ஹாம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமா? நான் நலம். குளிர் நம் அருவங்காட்டுக் குளிர் மாதிரிதான், ஆனால் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

அப்பா தீபாவளிக்குத் தீபாவளி வாங்கித் தந்த கேப் துப்பாக்கிகளைப் பார்சல் போடுவதாகப் போனில் சொன்னீர்களே, தயவுசெய்து வேண்டாம். விசாரித்துவிட்டேன். நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் பொம்மையைச் செய்வதும் விற்பதும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் இங்கே இங்கிலாந்தில் 2007 அக்டோபர் 1 முதல் குற்றம். பளிச்சென்று சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று இருந்தால் பிரச்சினை இல்லை. 70 மில்லிமீட்டர் நீளம், 38 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கினாலும் சரி. நம் கறுப்பு ரிவால்வர் இதில் எதிலும் சேராது. கிட்டத்தில் பார்த்தால் பொம்மை என்று தெரியுமே என்பீர்கள். கிட்டத்தில் பார்த்தால் மட்டும்தான் தெரியும் என்றால் அது போதாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சின்ன வயதிலிருந்தே இவற்றைச் சேர்க்கிறார். டீ குடிக்கக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். இந்த நாட்டிலேயே வார்த்த லோன் ஸ்டார் கம்பெனி பொம்மைத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றும் பழைய பனியன் துணியில் சுற்றியிருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. தக்க காரணமில்லாமல் வெளியே எடுத்துப்போகக் கூடாது. நிஜம் போலிருப்பதை விற்பதென்றால் மியூசியம், நாடகம், சினிமா, பழைய போர்களை நடித்துக் காட்டுகிறவர்கள் என்று சில பேருக்குத்தான். ஆரஞ்சு பெயிண்ட் அடித்துவிட்டால் விற்கலாமே என்றேன். பதில் சொல்லவில்லை. கையிலிருந்ததன் வெள்ளிப் பூச்சைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கேட்டிருக்கவே கூடாது.

சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன், அண்ணா. இருட்டில் ஒரு பையன் நீட்டினால் எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அலமாரியை விட்டு இறங்காத பொருளை, சேர்க்கிறவர்கள் தங்களுக்குள் பதிவு செய்து கைமாற்றிக்கொள்ளவாவது ஒரு வழி விட்டிருக்கலாம். அவருக்குப் பிறகு அவை எங்கே போகும் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கார்டைட் பேக்டரியில் ஷிப்ட் முடிந்து, குன்னூர் மார்க்கெட் போய் வாங்கி, ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு வருவாரே அப்பா! டிரங்குப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். மழைக்கு முன்னால் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு எல்லாவற்றையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கறுப்பு ரிவால்வரின் குதிரையில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இழுக்க வேண்டாம். அப்புறம், சுருள் கேப் மிச்சமிருந்தால் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மே மாதம் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி