முன் பிறேக் தேய்வைப் பரிசோதிக்காமல் ‘நன்று’ எனச் சான்றளித்தமை தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களிடமே வாங்கி, நான்கு ஆண்டுகளாகத் தங்களிடமே சேர்விஸ் செய்து வருகின்ற எனது காரின் முன் பிறேக் சம்பந்தமாக, ஐந்து தொலைபேசி அழைப்புகளுக்கும் மூன்று நேரடி வருகைகளுக்கும் பின்னரும் முறையான பதில் கிடைக்காத காரணத்தினால் இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

ஜூன் 6ஆம் திகதி 48,000 கிலோமீற்றர் சேர்விஸ் முடிந்து தரப்பட்ட தாளில் ‘முன் பிறேக் பாட்: நன்று’ என்று சரி போடப்பட்டிருந்தது. அதே தாளின் கீழே, பிறேக் எண்ணெய் குறைந்திருந்ததால் நிரப்பப்பட்டதென எழுதி, அதற்குப் பணமும் அறவிட்டிருக்கின்றீர்கள். கசிவே இல்லாத வாகனத்தில் எண்ணெய் மட்டம் ஏன் இறங்குகின்றது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சில்லோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி வாகனத்தை நிறுத்தும் பாட் தேயத் தேய, அதைத் தள்ளும் கலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அது விட்ட இடத்தை எண்ணெய் போய் நிரப்புகின்றது. தேய்வின் அடையாளம் கண்முன்னே இருக்க, அதன்மேல் எண்ணெயை ஊற்றி மறைத்திருக்கின்றீர்கள்.

இரண்டு வாரங்களில், பிறேக்கை மெதுவாக மிதிக்கும்போதெல்லாம் இடது முன்சில்லில் கீச்சிடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பாட் தேய்ந்துவிட்டது என்று எச்சரிப்பதற்காகவே அதில் பொருத்தப்பட்டுள்ள சிறு தகடு டிஸ்க்கில் உரசும் சத்தம் அது. முதல் வருகையில் காலை 8 மணி தொடக்கம் பகல் 1 மணி வரை காத்திருக்க வைத்து, தூசு என்று கூறி ஏதோ விசிறி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை வேறு கிளைக்குப் போகச் சொன்னார்கள்; காலி வீதி நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், பாட் கையிருப்பில் இல்லையாம். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்க முடியாதா?

மூன்றாவது வருகையில் தங்கள் வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் சொன்னதை அப்படியே தருகின்றேன்: “அன்ரி, பிறேக் எண்டால் சத்தம் வரத்தான் செய்யும். றேடியோவைக் கொஞ்சம் கூட்டி வச்சிட்டு ஓடுங்கோ.” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்குக் கற்பித்த எனக்கு இப்படியொரு பதிலை எவரும் சொன்னதில்லை. வாகனத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பினார். அந்த வார்த்தை இன்றும் என் காதில் நிற்கின்றது.

அதன்பின் நான்காம் நாள் கீச்சுச் சத்தம் நின்று, இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் தொடங்கியது. வீட்டுக்கு அண்மையிலுள்ள கராஜில் மெக்கானிக் தம்பி சில்லைக் கழற்றிக் காட்டினார். வெளிப்பக்கப் பாட்டில் 4 மில்லிமீற்றர் எஞ்சியிருந்தது. உட்பக்கப் பாட்டில் பிடிபொருளே இல்லை, வெறும் இரும்புத் தட்டு மாத்திரம். கலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ஊசி துருவேறி இறுகியதால் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கின்றது. டிஸ்க்கில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளங்கள். புதிதில் ஏறத்தாழ 10 மில்லிமீற்றராக இருக்கும் பாட் 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றவேண்டும் என்பது கராஜுகளில் எல்லோரும் அறிந்த கணக்கு. தங்கள் ஊழியர் சில்லைக் கழற்றாமல், அதன் கம்பிகளின் இடைவெளியால் தெரிந்த வெளிப்பக்கப் பாட்டை மட்டும் பார்த்துவிட்டே ‘நன்று’ என்று எழுதியிருக்கின்றார் என்பதற்கு வேறு விளக்கம் உண்டா?

அடுத்த சனிக்கிழமை 78 வயதான என் தாயாரையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகவிருந்தோம். திரும்பும் வழியில் கடுகண்ணாவை இறக்கத்தில் அந்தப் பிறேக் எங்களைக் கைவிட்டிருந்தால் ஒரு குடும்பமே இல்லாமற் போயிருக்கும். இந்த ஒரு மாதத்தில் நான் இழந்த நிம்மதிக்கு எத்தனை இலட்சம் தந்தாலும் ஈடாகாது.

ஆயினும் நான்கு ஆண்டு உறவை மதித்துத் தாழ்மையுடன் கேட்கின்றேன். பஞ்சிகாவத்தையில் வாங்கிய டிஸ்க் சோடிக்கும் பாட்டுக்கும் செலவான 46,500 ரூபாவையும், கூலியையும், கார் இல்லாத ஆறு நாட்களும் பாடசாலைக்கு முச்சக்கர வண்டியில் சென்ற செலவையும் திருப்பித் தாருங்கள். அந்த இளைஞர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1977 என்ற இலக்கத்தில் அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன்; அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் போவேன்.

தங்கள் சேர்விஸ் தாளின் பிரதியை இணைத்துள்ளேன். கழற்றிய இரு பாட்களும் பழைய டிஸ்க்கும் வீட்டில் பத்திரமாக உள்ளன. தங்கள் பொறியியலாளர் எவரேனும் வந்தால் எடுத்துக் காட்டுவேன். தங்கள் மேசைக்கு இனி நான் சுமந்து வரமாட்டேன்.

இவ்வண்ணம்,
தங்கள் வாடிக்கையாளர்