‘அமெரிக்காவுக்கு’ என்று நின்றுபோன வரி

மில்வாக்கி, விஸ்கான்சின்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் ஏட்டுச்சுவடிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. மகள் வீட்டில் எனக்குப் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். கடந்த எட்டு மாதங்களாக, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த நாட்டுக்கு வந்த ஒரு ஜெர்மானியக் குடியானவரின் பிறந்த ஊரைத் தேடுவதிலேயே என் பொழுது போயிற்று. பழைய எழுத்தோடு வாழ்நாளெல்லாம் பழகிய உங்களிடம்தான் இதை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது.

அவர் என் சம்பந்தியம்மாளின் கொள்ளுத்தாத்தா. அம்மையாருக்கு வயது எண்பத்து நான்கு. தம் முன்னோர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தவர்கள் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். ஊர்ப் பெயர் கேட்பவருக்குத் தெரிந்திருக்காது என்று, பக்கத்திலிருக்கும் பெரிய நகரத்தின் பெயரைச் சொல்லிவிடுவது எல்லா நாட்டாருக்கும் உள்ள வழக்கம்தானே. ஆனால் ஜெர்மனியில் ஊரின் சரியான பெயர் தெரியாமல் ஒரு தாளைக்கூடப் புரட்ட முடியாது. நாடு முழுவதற்குமான அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு 1876 ஜனவரி முதல் தேதிதான் தொடங்கியது. அன்றைய ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவில் அதற்கு ஓராண்டுக்குச் சற்று மேலாக முன்பு, 1874 அக்டோபரில். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த ரைன் ஆற்றின் மேற்குக் கரையில் 1798 முதலே. நாங்கள் தேடியவர், ஸ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்டிருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டவர். ஆகவே அவர் பிறப்புக்குச் சான்று தேவாலயப் பதிவேடு ஒன்றுதான். அதுவோ அந்தந்த ஊர்ச் சபையில் வைக்கப்பட்டது.

ஊர்ப் பெயரை அமெரிக்க அரசு ஆவணங்களில் தேடியே முதல் நான்கு மாதங்களும் கழிந்தன. 1860, 1870 மக்கள்தொகைக் கணக்குகளில் பிறந்த இடம் ‘வூர்ட்டம்பெர்க்’ என்று மட்டும் இருந்தது. குடியுரிமை மனுவில் வூர்ட்டம்பெர்க் மன்னருக்கு இனித் தாம் கட்டுப்பட்டவர் அல்லர் என்று கையெழுத்திட்டிருந்தார். 1906க்கு முந்தைய மனுக்களில் அதற்கு மேல் ஊர் விவரம் கிடைப்பது அரிது. 1890 கணக்கின் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தாலும், எஞ்சியவற்றைப் பின்னர் அரசே அழித்ததாலும் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தன. வந்திறங்கிய ஆண்டைக் கேட்டு எழுதிய 1900 கணக்கு எடுக்கப்படும் முன்பே, 1899இல், அவர் காலமாகிவிட்டார். கப்பல் பட்டியலிலும் பெயர், வயது, நாடு தவிர வேறொன்றும் இல்லை. புறப்பட்ட துறைமுகத்திலாவது பார்க்கலாம் என்றால், 1850 முதலான பட்டியல்களைக் காத்து வைத்திருப்பது ஹாம்பர்க். இவரோ தென்மேற்கு ஜெர்மானியர் பலரைப் போலப் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்.

கடைசியில் ஊரைக் காட்டிக் கொடுத்தது, அவர் இங்கே உறுப்பினராக இருந்த லுத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் அடக்கப் பதிவேடு. இங்கு வந்த பிறகும் ஜெர்மன் சபைகள் பல ஆண்டுகள் ஜெர்மன் மொழியிலேயே ஏடு எழுதின. எழுதிய போதகர்களும் அந்நாட்டவர்களே. சபையாரைப் பொறுத்தவரை ஒருவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது, பெயருக்கு அடுத்தபடி முக்கியமான செய்தி. அரசு எழுத்தர் கேட்காததைப் போதகர் கேட்டு எழுதியிருக்கிறார். இப்படித் தேடத் தொடங்கும் எவரும் கடல் கடப்பதற்கு முன்பு, குடியேறியவர் கும்பிட்ட கோவிலின் ஏட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பதில் இப்போது எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

அந்த வரியில் இறந்த நாள் 1899 மார்ச் 3 என்றும், வயது 66 ஆண்டு, 5 மாதம், 12 நாள் என்றும் எழுதியிருந்தது. கழித்துப் பார்த்தால் பிறந்த நாள் 1832 செப்டம்பர் 21. அடுத்து ஓர் ஊர்ப் பெயர். அதன் பின்னே ‘ஓ.ஆ. ராய்ட்லிங்கன்’. ஓ.ஆ. என்பது ஓபர்ஆம்ட், நம் தாலுகாவைப் போன்ற ஒரு பிரிவு. அந்த இரண்டு எழுத்துகள் இல்லாவிட்டால் மறுபடியும் திகைத்து நின்றிருப்போம். நம் பக்கத்துப் புதூர்களைப் போல அங்கே ஒரே பெயரில் பல ஊர்கள். நொய்ஹௌசன் என்ற பெயரில் வூர்ட்டம்பெர்க்கில் மட்டும் குறைந்தது மூன்று உண்டு.

ஊர் தெரிந்த பிறகு வழி எளிதாயிற்று. புராட்டஸ்டண்ட் சபைகளின் ஏடுகளைப் படமெடுத்து, கட்டணம் பெற்றுக் காட்டும் ஆர்க்கியோன் என்ற தளம் 2015 முதல் இயங்குகிறது. வூர்ட்டம்பெர்க் சபை ஏடுகள் அதில் உள்ளன. கத்தோலிக்க ஏடுகள் பலவற்றை மாட்ரிகுலா என்ற தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஏடு திரையில் வந்துவிட்டது, படிப்பதுதான் பெரும்பாடு. குர்ரெண்ட் என்னும் அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘e’யும் ‘n’னும் ஒரே மாதிரி இரண்டு சாய்ந்த கோடுகள், ‘u’வும் அப்படியே, தலைமேல் ஒரு சிறு வளைவு மட்டும் அதைப் பிரித்துக் காட்டும். எழுதுபவர் அவசரப்பட்டு வளைவை விட்டுவிட்டால், ஓலையில் புள்ளியில்லாத மெய்யையும், காலா ரகரமா என்று தெரியாத கோட்டையும் நீங்கள் இடம்நோக்கி முடிவு செய்வது போலத்தான் நானும் செய்ய வேண்டியிருந்தது. நீங்கள் அன்று எனக்குச் சொன்னபடி, தெரிந்த சொற்களைக் கொண்டு அந்தக் கையின் எழுத்துகளை ஒரு தாளில் பட்டியலிட்டுக்கொண்டேன். ஞானஸ்நானம், ஞானப்பெற்றோர், நெசவாளர், திராட்சைத் தோட்டக்காரர் போன்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருவதால், ஒரு மாதத்தில் கண் பழகிவிட்டது.

ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா பிறந்தது 1771இல் ‘7பிரிஸ்’ மாதம் என்று இருந்ததைக் கண்டு, ஏழாம் மாதமாகிய ஜூலையில் நாள்கணக்கில் தேடினேன். செப்டம் என்ற இலத்தீன் சொல்லுக்கு ஏழு என்று பொருள். ஆகவே அது செப்டம்பரைக் குறிக்கும் சுருக்கம். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இந்த முறை அந்தக் கால ஏடுகள் பலவற்றில் உண்டு.

வூர்ட்டம்பெர்க்குக்கே உரிய செல்வம் ஒன்று உண்டு. 1808 முதல் ஒவ்வொரு சபையும் குடும்பப் பதிவேடு என்று தனி ஏடு வைத்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே கணவனும் மனைவியும், அவரவர் பெற்றோரும். கீழே பிள்ளைகள் வரிசையாக. ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்பு, திடப்படுத்தல் (வளர்ந்தபின் சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), திருமணம், இறப்பு என்று கட்டங்கள். எங்களவர் குடும்பப் பக்கத்தில் ஒன்பது பிள்ளைகள். ஐவருக்கு முதல் இரண்டாண்டுக்குள்ளேயே இறப்பைக் காட்டும் சிலுவைக் குறி. 1829இல் பிறந்து சில வாரங்களில் இறந்த ஒரு மகனின் பெயரையே 1832இல் பிறந்தவருக்கும் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நான ஏட்டை மட்டும் பார்த்திருந்தால், இறந்துபோன அண்ணனையே கொள்ளுத்தாத்தா என்று எழுதி வைத்திருப்பேன்.

அவருடைய வரியில் பிறப்பு இருக்கிறது. 1846இல் திடப்படுத்தல் இருக்கிறது. அதன் பின் திருமணக் கட்டமும் இறப்புக் கட்டமும் வெறுமையாக இருக்க, அவற்றின் குறுக்கே வேறொரு மையில் ‘1854, அமெரிக்காவுக்கு’ என்று எழுதியிருந்தது. அதை நான் படித்துச் சொன்னதும் சம்பந்தியம்மாள் திரையில் அந்த இடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. மில்வாக்கியில் கொள்ளுத்தாத்தா மணம் முடித்ததும், ஏழு பிள்ளைகள் பெற்றதும், இங்கேயே மண்ணில் அடங்கியதும் அந்த ஏட்டுக்குத் தெரியாது. இரண்டு ஏடுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்கள் அநேகமாக நாங்களாகத்தான் இருப்போம்.

ஏன் புறப்பட்டார் என்பதை ஏடு சொல்லாது. ஆனால் அந்த ஊர் நிலவரம் சொல்லும். அங்கே சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண்கள் உட்பட, சமமாகப் பிரியும். தலைமுறைக்குத் தலைமுறை வயல் துண்டுபட்டு, ஒரு குடும்பம் பிழைக்கப் போதாத வரப்பாகிவிட்டது. 1846இலும் 1847இலும் உருளைக்கிழங்கு நோயும் விலையேற்றமும் வந்தன. அந்த நூற்றாண்டில் ஜெர்மானியர் மிக அதிகமாக அமெரிக்காவுக்குக் கிளம்பிய ஆண்டுகளில் 1854உம் ஒன்று. முறைப்படி கிளம்புபவர், குடியுரிமையைத் துறப்பதோடு, பின்னால் தெரியவரும் கடனுக்கு ஓராண்டு பொறுப்பேற்கும் ஜாமீன்தாரரையும் காட்ட வேண்டியிருந்தது. அவருக்காக யார் கையெழுத்திட்டார் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டு எழுதியிருக்கிறேன். திருமணத்தின் போதும் இறப்பின் போதும் வீட்டிலுள்ள பொருளையெல்லாம் அதிகாரிகள் எண்ணி எழுதுவது அந்நாட்டு வழக்கம்: படுக்கை, செம்புப் பாத்திரம், வேத புத்தகம், தறி, நிலத்தின் அளவு என்று ஒன்று விடாமல். அவர் பெற்றோரின் பட்டியல் கிடைத்தால், அவர் பிறந்த வீட்டை அம்மையாரிடம் அறையறையாகச் சொல்ல முடியும். படம் வந்ததும் உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். நான் தயாரித்த எழுத்துப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். கண் ஓய்வு கேட்காத நாளில் பார்த்து, எங்கே தவறியிருக்கிறேன் என்று எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் அன்பு நண்பன்