கடைசிச் செங்கல்லும் 'கொடுக்கிற காசுக்கு இது போதும்' என்ற வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினி விளையாட்டுப் பகுதியில், குறைந்த விலைக்குக் கிடைக்கும் செங்கல் உடைக்கும் விளையாட்டு ஒன்றுக்கு விமர்சனம் வந்திருந்தது. பின்னணிப் படங்கள் அழகு, இசை இதம், லெவல்கள் ஏராளம் என்று தாராளமாகப் பாராட்டிய விமர்சகர், குறைகளுக்கு வந்தபோது மட்டும் 'கொடுக்கிற காசுக்கு இது போதும்' என்று முடித்துக்கொண்டார். அதே விளையாட்டை நானும் வாங்கி ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

இந்த வகை விளையாட்டின் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. நான் மெய்ப்புத் திருத்துபவள். நாள் முழுக்க ஒற்றெழுத்தைத் தேடிக் கண் ஓய்ந்தபின், எழுத்தே இல்லாத ஏதாவது ஒன்று வேண்டும். இதில் படிக்க எதுவுமில்லை. கீழே மட்டை, மேலே செங்கல் வரிசை, நடுவில் பந்து. கதையும் இல்லை, எதிரி முகமும் இல்லை. ஓரமாக ஒரே இடத்தில் குறிவைத்து, ஒவ்வொரு செங்கல்லாக உடைத்து ஒரு சந்து திறந்துவிட்டால் போதும். பந்து அதற்குள் நுழைந்து மேலே போய், கூரைக்கும் செங்கல்லுக்கும் நடுவே தானாகவே படபடவென்று மோதி உடைத்துக்கொண்டிருக்கும். நாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இந்த வகை விளையாட்டு இத்தனை வருடமாகச் சாகாமல் இருக்கிறது என்பது என் கட்சி.

சந்து தானாகத் திறக்காது, நினைத்த கோணத்தில் பந்தை அனுப்ப முடிந்தால்தான் திறக்கும். இங்கேதான் விமர்சகரும் நானும் ஆடிய இந்த விளையாட்டு சறுக்குகிறது. கேரம் பலகையின் சட்டத்தில் அடித்த காய் எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில் திரும்புகிறதல்லவா, இதில் மட்டையும் அந்தச் சட்டம் மாதிரியே நடந்துகொள்கிறது. நடுவில் பட்டாலும் ஓரத்தில் பட்டாலும் பந்துக்கு ஒன்றுதான். அப்புறம் நான் எதற்கு? மட்டையைத் திரை அகலத்துக்கு நீட்டி வைத்துவிட்டால் ஆள் இல்லாமலேயே ஆட்டம் நடக்குமே!

இது பணம் இல்லாததால் வந்த குறை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1972இல் அட்டாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனத்துக்காக, திரையில் டேபிள் டென்னிஸ் மாதிரி ஆடும் 'பாங்' விளையாட்டை உருவாக்கிய ஆலன் அல்கார்ன், மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் பட்டதோ அதைப் பொறுத்துப் பந்து திரும்பும் கோணம் மாறும்படி செய்தார். 1976இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'பிரேக்அவுட்'தான் செங்கல் உடைக்கும் விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம். அது பிறந்ததே சிக்கனத்தில். எத்தனை சிப் மிச்சமாகிறதோ அந்த அளவுக்குக் கூடுதல் பணம் என்று அட்டாரி சொல்ல, ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த வேலையை வாங்கிவந்தார். அவருடைய நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக் நாலே நாளில் வடிவமைத்துக் கொடுத்தார். சிப்புகளை அவர் குறைத்த குறைப்பில் அந்த வடிவத்தை அப்படியே தயாரிக்க முடியாமல், அட்டாரிக்காரர்கள் வேறு மின்சுற்று போட்டுக்கொண்டார்கள். காசு போட்டு ஆடும் இயந்திரமாக வெளிவந்த அதில், கணினிக்கு மூளையான மைக்ரோபிராசசர் கிடையாது. திரை கறுப்பு வெள்ளை. செங்கல்லுக்கு நிறம் காட்ட, திரைமேல் வண்ணக் கண்ணாடித்தாள் பட்டை.

அந்த ஏழ்மையிலும் ஆட்டத்தில் யாரும் கைவைக்கவில்லை. மஞ்சள் செங்கல்லுக்கு 1 புள்ளி, பச்சைக்கு 3, ஆரஞ்சுக்கு 5, சிவப்புக்கு 7. நாலாவது அடியில் பந்து வேகம் கூடும், பன்னிரண்டாவது அடியில் இன்னும் கூடும், ஆரஞ்சு வரிசையையும் சிவப்பு வரிசையையும் தொடும்போது மறுபடியும் கூடும். சிவப்பையும் துளைத்துப் பந்து மேல் சுவரில் மோதியதும் மட்டை பாதியாகக் குறுகிவிடும். சந்து திறந்த சந்தோஷத்துக்குக் கையோடு கூலி! இத்தனைக்கும் ஒரு ஓவியர்கூடத் தேவைப்படவில்லை.

நம் விளையாட்டுக்கு வருகிறேன். கடைசிச் செங்கல் ஒன்று மூலையில் தனியாக நிற்கும். பந்து அதைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்வரும். கோணம் என் கையில் இருந்தால் இது ஒரு சவால். இல்லாதபோது வெறும் காத்திருப்பு. சில விளையாட்டுகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மிச்சச் செங்கல்லைத் தாமே உடைத்துவிடுகின்றன. அந்தக் கருணையும் இதில் இல்லை.

இதைவிடக் கொடுமை உடையாத இரும்புச் செங்கற்கள். அவற்றில் இரண்டுக்கு நடுவே பந்து படுக்கைவசமாக மாட்டிக்கொண்டால் இடமும் வலமுமாகப் போய்க்கொண்டே இருக்கும். கீழே வராது, அதனால் உயிரும் போகாது. லெவலை விட்டு வெளியேறுவதுதான் ஒரே வழி. சேர்த்த புள்ளி அத்தனையும் காலி. டைட்டோ நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'ஆர்கனாய்ட்'டிலும் உடையாத தங்கச் செங்கல் உண்டு. ஆனால் அதில் மேலிருந்து இறங்கி உலாவும் எதிரிகள் மேல் பட்டுப் பந்தின் போக்கு மாறிக்கொண்டே இருக்கும். அவ்வளவுகூட வேண்டாம், கொஞ்ச நேரம் எதுவும் உடையாவிட்டால் பந்தை லேசாகத் திருப்பிவிடு என்று நிரலில் சில வரி எழுதினால் தீர்ந்தது.

செங்கல் உடையும்போது விழும், மட்டையின் அளவை மாற்றும் மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. மட்டையை நீட்டுவதும் சுருக்குவதும் கிட்டத்தட்ட ஒரே நிறம். பனிமலைப் பின்னணியில் வெள்ளைப் பந்து. 'அழகான பின்னணி' என்று விமர்சகர் எழுதியது இந்த மலையைத்தான் என்று நினைக்கிறேன்.

மவுஸில் ஆடும்போது மட்டை கையோடு வருகிறது, அதை மறுக்க மாட்டேன். விசைப்பலகைக்குப் போனால் மட்டைக்கு ஒரே வேகம்தான், பந்து வேகமெடுத்தபின் எட்டவே எட்டாது. பழைய இயந்திரத்தில் திருகும் குமிழ் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்று இரவும் அதைத்தான் திறப்பேன், அது வேறு விஷயம். நான் விமர்சகரிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த மலிவு விளையாட்டைப் பற்றி எழுதும்போது, மட்டையின் ஓரத்தில் பட்ட பந்து எப்படித் திரும்புகிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் இசையைப் பற்றிய பத்தியை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகி ஒருவர்