பதினொன்றாம் வகுப்பு மார்க்கும் கேட்பார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் இடம் கிடைக்கக் கடைசி வருட மார்க் ஒன்றுதான் கணக்கு என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் ஊருக்கு அது சரியாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் அதை நம்பி நான் ஏமாந்தேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கரூர்ப் பக்கம் படித்தவன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பேருக்கு நடத்திவிட்டு, பாதி வருடத்திலேயே ப்ளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிடுவார்கள். இன்றும் தமிழ்நாட்டில் பொறியியல் என்றால் ப்ளஸ் டூ கணக்கை நூறுக்கும், இயற்பியல், வேதியியலை ஐம்பது ஐம்பதுக்கும் கொண்டுவந்து 200-க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள், பதினொன்றாம் வகுப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நினைப்பிலேயே இங்கே மகள் பதினொன்று படித்தபோது, "விடும்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று நானே சொன்னேன்.

இங்கே நடைமுறை வேறு. மெட்ரிக் என்றால் (நம்மூர்ப் பத்தாம் வகுப்பு இல்லை) பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை அக்டோபர், நவம்பரில் நடக்கும், முடிவு ஜனவரியில் வரும், பல்கலைக்கழகமோ பிப்ரவரியில் திறந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் எல்லாரையும் எடைபோட முடியுமா? அதனால் முந்தைய வருடமே விண்ணப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் அதற்கென்றே ஒரு மத்திய விண்ணப்ப அலுவலகம் இருக்கிறது, பெரும்பாலான படிப்புகளுக்குச் செப்டம்பரோடு கதவு சாத்திவிடும். அப்போது பிள்ளையின் கையில் மெட்ரிக் மார்க் ஏது? பதினொன்றாம் வகுப்பு முடிவுதான் இருக்கும். அதை வைத்துத்தான் 'தற்காலிக இடம்' கொடுக்கிறார்கள்.

என் மகளுக்குப் பதினொன்றில் கணக்கில் 58. பொறியியலுக்கு யாரும் கூப்பிடவில்லை. மெட்ரிக்கில் விழுந்து விழுந்து படித்து 79 வாங்கினாள். அதிலும் ஒரு வயிற்றெரிச்சல், இங்கே மெட்ரிக் அளவுகோலில் 80 முதல் 100 வரை 7 புள்ளி, 70 முதல் 79 வரை 6 புள்ளி, அந்த ஒரு மார்க்கில் ஒரு புள்ளி போயிற்று. சரி, போகட்டும், 79 நல்ல மார்க்தானே என்று ஜனவரியில் ஓடினால், கேட்ட படிப்பில் இடமெல்லாம் முன்பே பேசி முடித்திருந்தார்கள். இப்போது வேறு படிப்பில் இருக்கிறாள், பிடித்திருக்கிறது என்கிறாள், என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளோ என்னவோ.

அதற்காகக் கடைசி வருடம் வீண் என்று சொல்லவரவில்லை. தற்காலிக இடம் வாங்கிய பிள்ளை மெட்ரிக்கில் சறுக்கினால் அந்த இடம் கையைவிட்டுப் போய்விடும், பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் ஆனது. பட்டப்படிப்புக்குத் தகுதி பெற 'வாழ்க்கை வழிகாட்டல்' என்ற பாடம் தவிர்த்து நான்கு பாடங்களில் குறைந்தது 50 விழுக்காடு வேண்டும் என்பதும் மெட்ரிக் மார்க்கில்தான். அதிலும் பெரும்பாலான பாடங்களில் 75 விழுக்காடுதான் கடைசிப் பரீட்சைக்கு. மீதி 25 அந்த வருடம் முழுக்கப் பள்ளியில் எழுதுகிற தேர்விலிருந்தும் செய்முறையிலிருந்தும் வருகிறது. கடைசி மூன்று மாதம் டியூஷனில் தள்ளிச் சரிக்கட்டிவிடலாம் என்ற நம்மூர் வித்தை இங்கே முழுசாகப் பலிக்காது.

புதிதாக வேலைக்கு வந்து டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் குடியேறியிருக்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பில் கணிதமா, அன்றாட வாழ்க்கைக் கணக்கைச் சொல்லித்தரும் 'கணித எழுத்தறிவா' என்று கேட்பார்கள். இரண்டாவது சுலபம், மார்க்கும் கொட்டும், ஆனால் அதை எடுத்தால் பொறியியலை மறந்துவிட வேண்டியதுதான். என் சின்னவனுக்கு அந்தத் தாள் போன வாரம் வந்தது. அவன் சுலபமானதற்கு டிக் அடித்துவைத்திருக்கிறான், நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், டர்பன்